பாஸே சேம்ப்ல்: பிரெஞ்சுக் கதைகளின் இறந்தகாலத்தைப் படிப்படியாகக் கற்பது

பிரெஞ்சு படிக்கத் தொடங்கி இரண்டாம் வருஷம். காய்ச்சலில் ஒரு நாள் வகுப்புக்குப் போகவில்லை. மறுநாள் ஆசிரியரிடம் கொடுப்பதற்கு ஒரு விடுப்புக் கடிதம் எழுதினேன். அந்த வாரம்தான் நூலகத்திலிருந்து எடுத்த சிறுவர் கதைப் புத்தகத்தில் புதுமாதிரியான இறந்தகாலம் ஒன்றைப் பார்த்திருந்தேன். ஒரே சொல்லில் கச்சிதமாக இருக்கிறதே என்று கடிதம் முழுக்க அதையே போட்டு வைத்தேன். ஆசிரியர் வாசித்துவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: "காய்ச்சல் வந்தது நேற்றா, பதினான்காம் லூயி மன்னர் காலத்திலா?"

கடிதத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. இடம்தான் தப்பு. அந்த இறந்தகாலத்தின் பெயர் பாஸே சேம்ப்ல், அதாவது எளிய இறந்தகாலம். பேச்சில் அதை யாரும் தொடுவதில்லை. கதையைத் திறந்தால் அது இல்லாத பக்கம் இருக்காது. நாவல், தேவதைக் கதை, வரலாறு, வாழ்க்கை வரலாறு, பத்திரிகைக் கட்டுரை என்று எழுத்தில் எங்கும் உட்கார்ந்திருக்கிறது. பள்ளியில் இதைக் கடைசிப் பாடமாக வைத்து, அதையும் அவசரமாக முடித்துவிடுவதால், ஏதோ பயங்கரமான விஷயம் என்ற பெயர் வந்துவிட்டது. உண்மையில் தமிழ் தெரிந்தவருக்குப் பிரெஞ்சு இறந்தகாலங்களிலேயே இதுதான் சுலபம். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் எழுத்து பற்றி ஓர் ஏற்பாடு. இங்கே பிரெஞ்சுச் சொற்களின் ஒலிப்பைத் தமிழில் தருகிறேன். எழுத்துக்கூட்டலைச் சொல்ல வேண்டிய இடத்தில், பள்ளியில் ஆங்கில எழுத்துகளைச் சொல்லிப் பழகிய பெயர்களிலேயே சொல்கிறேன்: ஏ, ஈ, ஐ, எஸ், டி என்று. இங்கே 'டி' என்று வருவதெல்லாம் எஸ்-க்கு அடுத்து வரும் எழுத்துதான், ஈ-க்கு முன்னால் வருவது அல்ல. எழுத்தின் மேல் கூரை மாதிரி வரும் குறியைத் 'தொப்பி' என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, ஒவ்வொரு வடிவத்தையும் பிரெஞ்சு எழுத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டே வாருங்கள். இந்தக் காலத்தைப் பொறுத்தவரை கை எழுதாமல் கண் பழகாது.

எங்கே வரும், எங்கே வராது

நமக்கு எழுத்து வேறு, பேச்சு வேறு என்பது பிறந்ததிலிருந்து பழக்கம். 'பேசினார்கள்' என்று எழுதுகிறோம், 'பேசுனாங்க' என்று சொல்கிறோம். ஆனால் நம் இரண்டும் ஒரே வடிவத்தின் இரண்டு உச்சரிப்புகள். பிரெஞ்சில் அமைப்பே மாறிவிடுகிறது. பேச்சில் 'அவர் பேசினார்' என்று சொல்ல 'இல் ஆ பார்லே' என்பார்கள். 'ஆ' என்பது துணைவினை, 'பார்லே' என்பது எச்சம் மாதிரியான வடிவம். இதற்குப் பாஸே கோம்போஸே, கூட்டு இறந்தகாலம் என்று பெயர். எழுத்தில் அதே செய்தி 'இல் பார்லா' என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடும்.

ஒரு காலத்தில் இரண்டுக்கும் பொருளிலேயே வேறுபாடு இருந்தது. கூட்டு வடிவம் கிட்டத்தட்ட நம் 'பேசியிருக்கிறார்' மாதிரி நிகழ்காலத்தோடு ஒட்டிய இறந்தகாலம். எளிய வடிவம் முடிந்து போன காரியத்துக்கு. 1660-ல் வெளிவந்த போர் ருவயால் என்ற பிரெஞ்சு இலக்கண நூல் இதற்கு ஒரு கணக்கே சொல்கிறது: குறைந்தது ஒரு நாளாவது கடந்திருந்தால்தான் எளிய வடிவம் வரலாம், இன்று நடந்ததற்கு வரக்கூடாது. அந்தக் கணக்குப்படி நேற்றைய காய்ச்சலை நான் எழுதியது சரிதான். முந்நூறு வருஷம் தாமதமாக எழுதிவிட்டேன், அவ்வளவுதான். பிறகு பேச்சில் கூட்டு வடிவம் எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ள, எளிய வடிவம் எழுத்துக்குள் ஒதுங்கியது.

எழுத்தாளர்கள் இந்த வேறுபாட்டை வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு. ஆல்பேர் காம்யு 1942-ல் வெளியிட்ட 'அந்நியன்' நாவலில் கதைசொல்லி பெரும்பாலும் கூட்டு இறந்தகாலத்திலேயே பேசுவான். அன்றைய வாசகருக்கு அது நாவல் நடையாகவே ஒலித்திருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவன் சொல்வது போல இருந்திருக்கும். பாஸே சேம்ப்ல் தெரியாதவருக்கு அந்த நாவலில் என்ன இல்லை என்பதே தெரியாமல் போய்விடும்.

படி 1: வாலை வெட்டுங்கள்

பேசு என்பதற்குப் பிரெஞ்சில் 'பார்லே'. அகராதியில் இது ஈ-ஆர் என்று முடியும். அந்த இரண்டு எழுத்தையும் வெட்டினால் மிஞ்சுவது 'பார்ல்'. இதுதான் பகுதி. பிரெஞ்சு வினைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது இந்த ஈ-ஆர் வகைதான். புதிதாகப் பிறக்கும் வினைகளும் இங்கேதான் வந்து சேர்கின்றன. கூகுளில் தேடுவதற்கு 'கூக்லே' என்று ஒரு வினை வந்துவிட்டது. அதைக்கூட 'இல் கூக்லா' என்று இலக்கிய நடையில் எழுதலாம். இலக்கணம் தடுக்காது, வாசிப்பவர் சிரிக்கமாட்டார் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

படி 2: இடைநிலையும் விகுதியும்

பகுபத உறுப்பிலக்கணம் படித்தது நினைவிருக்கும். பேசினான் = பேசு + இன் + ஆன். பகுதி, காலத்தைக் காட்டும் இடைநிலை, ஆளைக் காட்டும் விகுதி. இறந்தகால இடைநிலைகள் த், ட், ற், இன் என்று மனப்பாடம் செய்தோம். எந்த வினைக்கு எது வரும் என்று யோசிக்காமலே 'செய்தான், உண்டான், சென்றான், பேசினான்' என்கிறோம்.

பாஸே சேம்ப்லும் இதே அச்சு. பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே ஓர் உயிர் வந்து நிற்கும். ஈ-ஆர் வினைகளுக்கு அது 'ஆ'. மற்ற ஒழுங்கு வினைகளுக்கு 'இ'. ஒழுங்கற்றவற்றில் சிலவற்றுக்கு 'யூ' போன்ற ஓர் ஒலி. நம் இடைநிலை நான்கு. இங்கே அடிக்கடி வருபவை மூன்று. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இதை ஒரு பெரிய அட்டவணையாக மனப்பாடம் செய்கிறார்கள். நாம் அப்படிச் செய்ய வேண்டியதில்லை.

சரி, 'பார்லே' வினையின் ஆறு வடிவங்கள்:

நான் பேசினேன்: ஜெ பார்லே. பகுதியோடு ஏ-ஐ சேரும்.
நீ பேசினாய்: த்யூ பார்லா. ஏ-எஸ் சேரும், எஸ் ஒலிக்காது.
அவன், அவர் பேசினார்: இல் பார்லா. ஏ மட்டும். அவளுக்கு 'எல் பார்லா'.
நாங்கள் பேசினோம்: நூ பார்லாம். தொப்பி போட்ட ஏ, பிறகு எம்-ஈ-எஸ்.
நீங்கள் பேசினீர்கள்: வூ பார்லாத். தொப்பி போட்ட ஏ, பிறகு டி-ஈ-எஸ்.
அவர்கள் பேசினார்கள்: இல் பார்லேர். ஈ-ஆர்-ஈ-என்-டி, முதல் ஈ-யின் மேல் இடமிருந்து வலமாகச் சரியும் கோடு. கடைசி மூன்று எழுத்தும் ஒலிக்காது.

கவனித்தால், ஆறில் நான்கு இடத்தில் 'ஆ' அப்படியே நிற்கிறது. முதல் வரியிலும் கடைசி வரியிலும் மட்டும் அது 'ஏ' ஒலியாகிறது. கடைசி வரியில் எழுத்தே மாறிவிடுகிறது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஏ என்ற எழுத்தை வைத்துக்கொண்டு ஆர்-ஈ-என்-டி சேர்ப்பதுதான் புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் செய்யும் தப்பு.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். கதைகளில் வருவதில் மிகப் பெரும்பகுதி 'அவர்', 'அவர்கள்' வடிவங்கள்தான். 2016-ல் நடைமுறைக்கு வந்த பிரெஞ்சுத் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டமே மூன்றாம் நபர் வடிவங்களுக்குத்தான் முதலிடம் கொடுத்தது. அதற்காக அங்கே பெரிய வாக்குவாதமும் நடந்தது. நம் கணக்குக்கு 'பார்லா, பார்லேர்' முதலில். தன் கதையை ஒருவர் தானே சொல்லும் நாவல்களுக்காக 'ஜெ பார்லே' அடுத்து. 'நூ', 'வூ' வடிவங்களைக் கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும். 'வூ பார்லாத்' என்று இன்று ஒரு பிரெஞ்சுக்காரர் வாய்விட்டுச் சொன்னால், அநேகமாக வேடிக்கைக்காகத்தான் சொல்வார்.

இங்கே ஒரு நிம்மதி உண்டு. கூட்டு இறந்தகாலத்தில் நம்மைப் படுத்தும் இரண்டு தொல்லைகள் இதில் கிடையாது. போ, வா, விழு போன்ற வினைகளுக்குத் துணைவினை வேறு, மற்றவற்றுக்கு வேறு என்ற குழப்பம் இல்லை, துணைவினையே இல்லையே. பெண்பால் என்றால் ஒரு ஈ, பன்மை என்றால் ஓர் எஸ் என்று ஒட்டிக்கொண்டே போக வேண்டியதும் இல்லை. போ என்ற 'ஆலே' நிகழ்காலத்தில் தலைகீழாக மாறும் முரட்டு வினை. இங்கே வந்தால் சாதுவாக 'இல் ஆலா, எல் ஆலா' என்று நிற்கிறது. எதிர்மறையும் அப்படியே: 'இல் ந பார்லா பா', அவர் பேசவில்லை. வினை ஒன்றுதான், அதற்கு முன்னால் 'ந', பின்னால் 'பா'.

படி 3: 'நான்' வடிவத்தின் பொறி

'ஜெ பார்லே' என்று நான் எழுதியதை, 'நான் பேசிக்கொண்டிருந்தேன்' என்ற தொடர் இறந்தகாலத்தோடு பலர் குழப்பிக்கொள்வார்கள். அதற்கு ஏம்பார்ஃபே என்று பெயர். அதன் முடிவு ஏ-ஐ-எஸ். நம்முடையது வெறும் ஏ-ஐ. கண்ணுக்கு ஓர் எஸ் தான் வித்தியாசம். காதுக்கு முறைப்படி நம்முடையது கொஞ்சம் இறுகிய ஏ, மற்றது வாய் திறந்த ஏ. ஆனால் இன்று பிரெஞ்சுக்காரர்களிலேயே பலர் இரண்டையும் ஒன்றுபோலத்தான் சொல்கிறார்கள். அதனால் எஸ் போடுவதா வேண்டாமா என்று அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளும் திணறுவார்கள்.

அவர்களுக்குச் சொல்லித்தரும் உபாயம் நமக்கும் உதவும். 'நான்' இருக்கும் இடத்தில் 'அவர்' போட்டுப் பாருங்கள். வாக்கியம் 'இல் பார்லா' என்று போனால் பாஸே சேம்ப்ல், எஸ் வேண்டாம். 'இல் பார்லே' என்று போனால் ஏம்பார்ஃபே, எஸ் வேண்டும். தமிழில் இன்னும் எளிது: அந்த இடத்தில் 'பேசினேன்' பொருந்துகிறதா, 'பேசிக்கொண்டிருந்தேன்' அல்லது 'பேசுவேன், பேசுவது வழக்கம்' பொருந்துகிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு ஜோடி எதிர்காலம். 'ஜெ பார்லெரே' என்றால் பேசுவேன், 'ஜெ பார்லே' என்றால் பேசினேன். நடுவே ஓர் ஈ-ஆர் கூடுதல். அதேபோல 'இல் பார்லேர்' பேசினார்கள், 'இல் பார்லெரோன்' பேசுவார்கள். வேகமாக வாசிக்கும்போது கண் வழுக்கும் இடங்கள் இவை.

படி 4: எழுத்துக்கூட்டலில் இரண்டு சின்ன வேலைகள்

சாப்பிடு என்பதற்கு 'மான்ஜே'. இதில் ஜி என்ற எழுத்து 'ஜ' ஒலி தருகிறது. பிரெஞ்சில் ஜி-க்குப் பின்னால் ஈ அல்லது ஐ வந்தால்தான் அந்த மெல்லிய ஒலி. ஏ வந்தால் 'க' போல வலுத்துவிடும். நம் இடைநிலையோ ஏ. அப்படியே சேர்த்தால் 'மான்கா' ஆகிவிடும். அதைத் தடுக்க நடுவே ஓர் ஈ-யைக் காவலுக்கு நிறுத்துகிறார்கள்: 'இல் மான்ஜா' என்பதை ஜி-ஈ-ஏ என்று முடிப்பார்கள். அந்த ஈ ஒலிக்காது. 'மான்ஜேர்' என்ற பன்மையில் விகுதியே ஈ-யில் தொடங்குவதால் காவல்காரர் தேவையில்லை. பயணம் செய் என்ற 'வுவாயாஜே', நீந்து என்ற 'நாஜே', மாற்று என்ற 'ஷான்ஜே' எல்லாம் இப்படித்தான்.

தொடங்கு என்ற 'கோமான்ஸே'யில் அதே சிக்கல் சி எழுத்துக்கு. ஏ-க்கு முன்னால் சி 'க' ஆகிவிடும் என்பதால், அதன் கீழே ஒரு சின்ன வாலைத் தொங்கவிட்டு 'ஸ' ஒலியைக் காப்பாற்றுகிறார்கள். 'இல் கோமான்ஸா' வாலோடு. 'இல் கோமான்ஸேர்' வாலில்லாமல்.

இதைத் தவிர வேறு வேலை இல்லை. வாங்கு என்ற 'அஷ்தே', கூப்பிடு என்ற 'ஆப்லே', எறி என்ற 'ஜெதே' ஆகியவை நிகழ்காலத்தில் கோடு போடுவது, எழுத்தை இரட்டிப்பது என்று ஏகப்பட்ட சேஷ்டை செய்யும். இங்கே ஒன்றும் செய்யாது. வாலை வெட்டு, விகுதியை ஒட்டு, முடிந்தது.

படி 5: ஐ-ஆர் வினைகள்

முடி என்பதற்கு 'ஃபினிர்'. ஐ-ஆர் வாலை வெட்டினால் 'ஃபின்'. இடைநிலை 'இ'. விகுதிகள் இங்கே கொஞ்சம் மாறும், ஆனால் ஒருமுறை படித்தால் மீதி எல்லா வகைக்கும் இதே விகுதிகள்தான்: எஸ், எஸ், டி, பிறகு தொப்பியோடு எம்-ஈ-எஸ், தொப்பியோடு டி-ஈ-எஸ், கடைசியில் ஆர்-ஈ-என்-டி.

ஜெ ஃபினி, த்யூ ஃபினி: ஐ-எஸ்.
இல் ஃபினி: ஐ-டி.
நூ ஃபினிம்: தொப்பி போட்ட ஐ, எம்-ஈ-எஸ்.
வூ ஃபினித்: தொப்பி போட்ட ஐ, டி-ஈ-எஸ்.
இல் ஃபினிர்: ஐ-ஆர்-ஈ-என்-டி.

ஒருமையில் ஒரு விசித்திரம். 'இல் ஃபினி' என்பது 'அவர் முடிக்கிறார்' என்ற நிகழ்காலமும்தான். எழுத்துக்கு எழுத்து ஒன்று. தனி வாக்கியமாகப் பார்த்தால் தீர்ப்பு சொல்லவே முடியாது. அக்கம்பக்கத்து வினைகளைப் பாருங்கள். முன்னால் 'பார்லா', பின்னால் 'மான்ஜா' என்றிருந்தால் நடுவில் உள்ள 'ஃபினி'யும் இறந்தகாலம்தான். பன்மையில் இந்தக் குழப்பம் இல்லை: முடிக்கிறார்கள் 'ஃபினிஸ்', முடித்தார்கள் 'ஃபினிர்'. தேர்ந்தெடு என்ற 'ஷுவாஸிர்', நிரப்பு என்ற 'ராம்ப்லிர்', வளர் என்ற 'க்ரான்திர்' எல்லாம் இதே கூட்டம்.

தூங்கு, புறப்படு, திற போன்ற ஐ-ஆர் வினைகள் நிகழ்காலத்தில் வேறு மாதிரி நடந்தாலும், இங்கே வந்தால் இதே 'இ' வரிசையில் நிற்கும்: 'தோர்மி' தூங்கினார், 'பார்தி' புறப்பட்டார், 'ஊவ்ரி' திறந்தார். வரிசைக்குள் வராதவை வா என்ற 'வெனிர்', பிடி என்ற 'தெனிர்', ஓடு என்ற 'கூரிர்', இற என்ற 'மூரிர்' முதலான சில.

படி 6: ஆர்-ஈ வினைகள், கூடவே ஒரு வகுப்புச் சிரிப்பு

விற்பதற்கு 'வான்த்ர்'. ஆர்-ஈ வாலை வெட்டுங்கள். இடைநிலை 'இ', விகுதி மேலே சொன்னதேதான். ஆக 'அவர் விற்றார்' என்பது 'இல்' போட்டு... தமிழ்ப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் பாடம் நின்றுவிடும். வடிவத்தின் ஒலிப்பு ஏறத்தாழ 'வாந்தி'. 'ஜெ வாந்தி, த்யூ வாந்தி, இல் வாந்தி' என்று கரும்பலகை முன்னால் நின்று சொன்னவர் யாரும் ஆர்-ஈ வினைக்கு இடைநிலை என்ன என்பதை வாழ்நாளில் மறக்கமாட்டார். அந்த முதல் உயிர் மூக்கொலி, 'ந்' அவ்வளவு அழுத்தமாக வராது என்று ஆசிரியர் விளக்கிக்கொண்டே இருப்பார், யாரும் கேட்கமாட்டார்கள்.

பன்மை 'இல் வாந்திர்', விற்றார்கள். பதில் சொல் என்ற 'ரேபோந்த்ர்', காத்திரு என்ற 'அதான்த்ர்', காதால் கேள் என்ற 'ஆன்தான்த்ர்', இழ என்ற 'பெர்த்ர்', இறங்கு என்ற 'தேஸான்த்ர்' எல்லாம் இதே. பிரெஞ்சு இலக்கண நூல்கள் இவற்றை மூன்றாம் குழு என்று ஒழுங்கற்ற வினைகளோடு சேர்த்து அடைத்துவிடும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இவை ஒழுங்காகத்தான் நடக்கின்றன. நிகழ்காலக் குழப்பமும் இவற்றில் இல்லை: விற்கிறார் 'வான்', விற்றார் 'வாந்தி'.

படி 7: தொப்பி எங்கே, ஏன்

தொப்பி 'நாங்கள்', 'நீங்கள்' வடிவங்களுக்கு மட்டும். காரணம் பழைய எழுத்தில் இருக்கிறது. 'நீங்கள்' வடிவத்தில் ஒரு காலத்தில் டி-க்கு முன்னால் ஓர் எஸ் இருந்தது, லத்தீனிலிருந்து வந்தது. அது ஒலிப்பில் தேய்ந்து மறைந்தபின், இருந்த இடத்தின் அடையாளமாகத் தொப்பி மிஞ்சியது. 'நாங்கள்' வடிவத்தில் அந்த எஸ் லத்தீனிலேயே கிடையாது. பக்கத்து வீட்டைப் பார்த்துப் போட்டுக்கொண்ட தொப்பி அது. 1990-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ஐ, யூ எழுத்துகளின் தொப்பிகளைப் பல சொற்களில் கழற்றியபோதும், இந்த விகுதிகளின் தொப்பியில் கை வைக்கவில்லை.

'அவர்' வடிவத்துக்குத் தவறிக்கூடத் தொப்பி போடாதீர்கள். போட்டால் வேறொரு காலம் ஆகிவிடும். இருந்தார் என்ற 'ஃப்யூ' தொப்பியில்லாமல் யூ-டி என்று முடியும். அதே சொல்லின் யூ-க்குத் தொப்பி வைத்தால், 'இருந்தாலும், இருக்க வேண்டுமென்று' போன்ற ஐயப்பொருள் தரும் வேறு வடிவம். ஒலிப்பு இரண்டுக்கும் ஒன்றேதான்.

படி 8: தவிர்க்க முடியாத சில ஒழுங்கற்றவை

ஒழுங்கு வினை மட்டும் படித்துவிட்டுக் கதை வாசிக்கப் போனால் முதல் பக்கத்திலேயே 'ஃப்யூ' வந்து நிற்கும். அதனால் 'அவர்', 'அவர்கள்' வடிவங்களில் ஒரு கைப்பிடி மட்டும்: இரு 'ஃப்யூ, ஃப்யூர்', உடையவராயிரு 'யூ, யூர்', செய் 'ஃபி, ஃபிர்', பார் 'வி, விர்', எடு 'ப்ரி, ப்ரிர்', சொல் 'தி, திர்', வா 'வேன், வேன்ர்'. இவற்றில் 'வா' மட்டும் மூக்கொலியோடு தனி வழியில் போகிறது.

கூட்டு இறந்தகாலத்தில் எச்சம் 'யூ' என்று முடிந்தால் இங்கேயும் இடைநிலை 'யூ'தான் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். படி, குடி, நம்பு, முடியும், விரும்பு ஆகியவற்றுக்கு அது வேலை செய்யும். ஆனால் நாம் இப்போது படித்த விற்பனைக் கூட்டத்தையே அது கவிழ்த்துவிடும்: எச்சம் 'வாந்த்யூ', ஆனால் இறந்தகாலம் 'வாந்தி'. பார் என்ற வினையும் அப்படித்தான். ஆகவே குறுக்குவழியை அளவோடு நம்புங்கள்.

படி 9: வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்

பாஸே சேம்ப்ல் தனியாக வாழாது. ஏம்பார்ஃபே திரைச்சீலை போலப் பின்னால் விரிந்திருக்கும்; அதன் முன்னால் சம்பவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். 'மழை பெய்துகொண்டிருந்தது' பின்னணி, 'கதவைத் திறந்தான்' சம்பவம். ஒரு சின்னக் கதை எழுதியிருக்கிறேன், சத்தமாக வாசியுங்கள்:

"இல் ப்ளெவே. லா வியேய் ஃபாம் ஃபெர்மா லா போர்த், அல்யூமா லா லாம்ப், எ அதான்தி. ஆ மினுயி, கெல்கான் ஃப்ராப்பா. கி ஏ லா? தெமாந்தா-தெல். பெர்ஸோன் ந ரேபோந்தி. ஸே தெ ஷியேன் அபுவாயேர், புயி ஸ காஷேர் ஸூ லா தாப்ள்."

மழை பெய்துகொண்டிருந்தது. கிழவி கதவைச் சாத்தினாள், விளக்கை ஏற்றினாள், காத்திருந்தாள். நடுராத்திரியில் யாரோ தட்டினார்கள். யாரது? என்று கேட்டாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவளுடைய இரண்டு நாய்களும் குரைத்தன, அப்புறம் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டன.

முதல் வினை 'ப்ளெவே' மட்டும் ஏம்பார்ஃபே. மற்ற எல்லாவற்றையும் நீங்களே பிரித்துவிடலாம்: ஃபெர்மா, அல்யூமா, ஃப்ராப்பா, தெமாந்தா ஆகியவை 'ஆ'; அதான்தி, ரேபோந்தி 'இ'; அபுவாயேர், காஷேர் நாய்களின் பன்மை. கிழவியின் கேள்வி நிகழ்காலத்தில் இருக்கிறது. நாவலில் பாத்திரங்கள் பேசும்போது பேச்சுமொழிதான் பேசுவார்கள். கதைசொல்லி மட்டுமே பாஸே சேம்ப்லில் சொல்வார். அந்தக் கோட்டை மனதில் வைத்தால் எந்த வரி யாருடையது என்பது காலத்தைப் பார்த்தே தெரிந்துவிடும்.

'தெமாந்தா-தெல்' என்ற இடத்தில் நின்று பாருங்கள். உரையாடலுக்குப் பின்னால் வினை முன்னாலும் எழுவாய் பின்னாலும் வரும். 'தெமாந்தா', 'எல்' இரண்டும் உயிரோடு உயிர் மோதுகின்றன. மோதல் பிடிக்காமல் நடுவே ஒரு டி-யை நுழைத்து, இரு பக்கமும் சிறு கோடு போடுகிறார்கள். நம் உடம்படுமெய்யேதான், நாம் ய், வ் போடுகிறோம், அவர்கள் டி போடுகிறார்கள். ஆனால் 'பதில் சொன்னாள்' என்பதில் வினையே டி-யில் முடிவதால் புதிதாக ஒன்றும் வேண்டாம். அதுவரை ஊமையாக இருந்த அந்த டி வாய் திறந்து 'ரேபோந்தி-தெல்' என்று ஒலிக்கும். உரையாடல் மிகுந்த நாவல்களில் இந்த இரண்டு அமைப்பும் பக்கத்துக்குப் பத்து முறை வரும்.

கைவேலை

நோட்டில் இவற்றின் 'அவர்', 'அவர்கள்' வடிவங்களை எழுதுங்கள்: கொடு 'தோனே', நீந்து 'நாஜே', வை 'ப்லாஸே', தேர்ந்தெடு 'ஷுவாஸிர்', இழ 'பெர்த்ர்'.

எழுதிவிட்டு ஒப்பிடுங்கள். தோனா, தோனேர். நாஜா, இதில் ஜி-க்கும் ஏ-க்கும் நடுவே காவலுக்கு ஓர் ஈ. நாஜேர், காவல் வேண்டாம். ப்லாஸா, சி-க்கு வால், ப்லாஸேர், வாலில்லை. ஷுவாஸி, ஷுவாஸிர். பெர்தி, பெர்திர். காவல் ஈ-யையும் வாலையும் மறந்திருந்தால் படி 4-க்குத் திரும்பிப் போங்கள்; தொப்பி எங்காவது போட்டிருந்தால் படி 7-க்கு.

அப்புறம் ஒரு தேவதைக் கதைப் புத்தகத்தை எடுத்து நேராகக் கடைசி வரிக்குப் போங்கள். பெரும்பாலான பிரெஞ்சுப் பாட்டிமார் கதையை முடிக்கும் வாய்பாடு அங்கே இருக்கும்: 'இல் ஸ மாரியேர், வேக்யூர் எரோ, எ யூர் போகூ தான்ஃபான்.' கல்யாணம் செய்துகொண்டார்கள், மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள், நிறையப் பிள்ளைகள் பெற்றார்கள். 'மாரியேர்' நாம் படித்த ஈ-ஆர் வினை. 'யூர்' படி 8-ல் பார்த்தது. வாழ் என்ற 'வீவ்ர்' எப்படி 'வேக்யூர்' ஆனது என்பது இந்த வழிகாட்டியில் இல்லை. ஆனால் அதன் கடைசியில் நிற்கும் 'யூ'வும் ஆர்-ஈ-என்-டியும் இப்போது உங்களுக்குத் தெரிந்த முகங்கள்தான்.